நாவலில் இல்லாத கொலை

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி. சாப்பாடு முடிந்து, பாத்திரமெல்லாம் ஒழித்துப் போட்டுவிட்டு, 'மில்ட்ரெட் பியர்ஸ்' படத்தைப் போட்டேன். 1945-ல் வந்த அமெரிக்கக் கறுப்பு வெள்ளைப் படம். எனக்கு அது மூன்றாவது தடவை. என் மனைவிக்கு முதல் தடவை.

உங்களுக்கும் முதல் தடவையாக இருக்கலாம் என்பதால் ஆரம்பத்தைச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி நேரம். கடலோரம் ஒரு வீடு. டுமீல் டுமீல் என்று துப்பாக்கி வெடிக்கிறது. கோட்டு சூட்டு போட்ட ஓர் ஆசாமி 'மில்ட்ரெட்' என்று முனகியபடி சரிந்து விழுகிறான். சுட்டது யார் என்று காட்டுவதில்லை. அடுத்து, ஃபர் கோட் போட்ட ஒரு பெண் கடல்பாலத்தில் தனியாக நடந்து வருகிறாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்க்கிறாள். குதித்துவிடுவாள் போலிருக்கிறது. ரோந்து வந்த போலீஸ்காரர் லத்தியால் கம்பியைத் தட்டுகிறார். கொஞ்ச நேரத்தில் அவள் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறாள். அதிகாரிக்கு எதிரே உட்கார்ந்து தன் கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறாள்.

என்ன கதை? புருஷனுக்கு வேலை போய்விட்டது. போதாக்குறைக்குப் பக்கத்தில் வேறொரு பெண்ணோடு தொடர்பு. சண்டை வந்து வீட்டைவிட்டுப் போய்விடுகிறான். இரண்டு பெண் குழந்தைகள். அக்கம்பக்கத்துக்கு கேக்கும் பையும் சுட்டு விற்கிறாள். போதவில்லை. ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்கிறாள். வேலையைக் கற்றுக்கொள்கிறாள். அப்புறம் சொந்தமாக ஓட்டல். அது ஒன்று பலவாகிறது. மூத்த மகள் வேதாவுக்கு (நம்ம ஊர்ப் பேர் மாதிரி இருக்கிறது, என்ன செய்ய!) அம்மாவின் பணம் பிடிக்கிறது, பணம் வரும் வழி பிடிக்கவில்லை. எண்ணெய் வாடை அடிக்கிறதாம்.

முக்கால் படம் ஓடியிருக்கும். என் மனைவி கேட்டாள்:

"என்னங்க, ஆளாளுக்கு இவளையே கரிச்சுக் கொட்றாங்க. இவ என்னதான் தப்பு பண்ணா?"

"பொண்ணுக்கு ரொம்பச் செல்லம் குடுத்துட்டா" என்றேன், மூன்று தடவை பார்த்தவன் என்ற அதிகாரத்தோடு.

"அது தப்பு. குத்தமா? அதுக்கு எதுக்கு ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருக்காங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவள் ஒரு தனியார் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக அக்கவுன்ட்ஸ் பார்க்கிறவள். எந்தத் தொகைக்கும் வவுச்சர் கேட்டே பழக்கப்பட்டவள். நானும் பி.காம்.தான். ஆனால் இரண்டு தடவை அந்தப் படத்தைப் பார்த்தபோதும் வவுச்சர் கேட்கத் தோன்றவில்லை. 'ஆஹா, என்ன ஒளி, என்ன நிழல்' என்று கைதட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் அலமாரியில் தேடி நாவலை எடுத்தேன். ஜேம்ஸ் எம். கெயின் எழுதியது. 1941. வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்த புத்தகம். முதல் ஐம்பது பக்கம் படித்துவிட்டு வைத்திருந்தேன் என்பதற்கு அடையாளமாக ஒரு பழைய பஸ் டிக்கெட் உள்ளே இருந்தது. இந்த முறை முழுசாகப் படித்தேன்.

நாவலில் கொலையே இல்லை!

துப்பாக்கி கிடையாது. பிணம் கிடையாது. போலீஸ் ஸ்டேஷனில் வைத்துக் கதை சொல்வதும் கிடையாது. கலிஃபோர்னியாவில் கிளெண்டேல் என்கிற ஊரில், முப்பதுகளின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், ஒரு பெண் எப்படிச் சம்பாதித்தாள், எப்படி விட்டாள் என்பதுதான் மொத்தக் கதையும். ஒரு கட்டத்தில் ஆவேசத்தில் மகளின் கழுத்தை நெரிக்கிறாள். உயிர் போகவில்லை. மற்றபடி சட்டப்படி அவள் செய்யும் தப்பு என்று பார்த்தால், மகளுக்காகத் தன் கம்பெனிப் பணத்தையே கையாடுவதுதான். முதலாளி தன் கடையிலிருந்தே எடுப்பதை எங்கள் பாஷையில் 'டிராயிங்ஸ்' என்போம். கம்பெனி என்று பதிவு செய்துவிட்டால் அது வேறு பேர் வாங்கிக்கொள்ளும். கடன்காரர்கள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். மில்ட்ரெட்டுக்கும் அதுதான் நடக்கிறது. கெயினுக்கு இந்த விவகாரமெல்லாம் அத்துப்படி. பை என்ன விலைக்கு விற்றால் கட்டும், கடை நடத்த இடம் எப்படிக் கிடைத்தது, கடன் யார் கொடுத்தது என்று அவர் எழுதுகிற பக்கங்கள், கொலைக் காட்சியைவிட விறுவிறுப்பாக இருக்கின்றன. நம்ப மாட்டீர்கள். படித்துப் பாருங்கள்.

அப்படியென்றால் படத்துக்குள் அந்தப் பிணம் எங்கிருந்து வந்தது?

வார்னர் பிரதர்ஸ் கம்பெனியில் ஜெரி வால்ட் என்ற தயாரிப்பாளர் இந்தக் கதையை எடுக்க நினைத்தார். கதையை ஒரு கொலையில் ஆரம்பித்து, பின்னோக்கிச் சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. கேத்தரின் டர்னி என்ற பெண் எழுத்தாளர் திரைக்கதை எழுதினார். ஒரு பெண் உழைத்து முன்னேறிய கதையாக, நாவலை ஒட்டியே எழுதப் பார்த்தவர். பலர் கைக்கு மாறியது. கடைசியில் திரையில் வந்த பெயர் ரேனல்ட் மெக்டூகல். டர்னியின் பெயர் இல்லை. கொலை இருந்தது.

இதை வால்ட் என்கிற ஒருவரின் வியாபாரப் புத்தி என்று விட்டுவிடலாம். விட முடியவில்லை, ஏனென்றால் அந்தக் காலத்து ஹாலிவுட்டில் ஒரு பேரேடு இருந்தது. அதற்குப் பெயர் தயாரிப்பு நெறிமுறை. 1930-ல் எழுதி வைத்தார்கள். நாலு வருஷம் யாரும் சீந்தவில்லை. 1934 ஜூலையிலிருந்து ஜோசஃப் பிரீன் என்பவர் பொறுப்பில் கறாராக நடைமுறைக்கு வந்தது. அவருடைய அலுவலக முத்திரை இல்லாமல் படத்தை வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம். 1968-ல் வயதுவாரியாகச் சான்றிதழ் கொடுக்கும் முறை வரும் வரை அதன் கை இருந்தது. விதி சுருக்கமாக இதுதான்: பாவம் எவ்வளவு காட்டினாயோ, அவ்வளவுக்குத் தண்டனையும் காட்டு. பற்று எழுதினால் எதிரே வரவு எழுதியாக வேண்டும் என்று எங்கள் கல்லூரி வாத்தியார் மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்வார். பிரீன் அதே கட்சி. கிளாஸ் மட்டும்தான் வேறு.

இந்தப் பேரேடு வருவதற்கு முன் பெண்களுக்கு சினிமாவில் பொற்காலம் என்று நினைத்துவிடாதீர்கள். 1931-ல் வந்த 'தி பப்ளிக் எனிமி'யில் ஜேம்ஸ் காக்னி, காலைச் சாப்பாட்டு மேஜையில் பாதியாக நறுக்கிய பம்ளிமாஸ் மாதிரி ஒரு பழத்தை எடுத்து எதிரே இருக்கும் பெண்ணின் மூஞ்சியில் அப்புவார். கொட்டகையே சிரித்த காட்சி அது. ஆனால் அதே காலத்தில் 'பேபி ஃபேஸ்' போன்ற படமும் வர முடிந்தது. 1933. பார்பரா ஸ்டான்விக் கதாநாயகி. பென்சில்வேனியாவில் ஒரு கள்ளச்சாராயக் கடை. நடத்துகிறவன் அவள் அப்பன். பதினாலு வயதிலிருந்தே பெண்ணை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பியவன். அவன் செத்த பிறகு, தோழியைக் கூட்டிக்கொண்டு சரக்கு ரயிலேறி நியூயார்க் வருகிறாள். ஒரு பேங்கில் வேலைக்கு நுழைகிறாள். ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டிலும் ஒவ்வோர் ஆண். ஒவ்வொருவனை விட்டும் ஒரு மாடி மேலே. கேமரா கட்டடத்துக்கு வெளியே நின்று ஜன்னல் ஜன்னலாக மேலே ஏறிக் காட்டும். (ஃபைல்கள் அடுக்கும் டிபார்ட்மென்ட்டில் ஏமாந்து நிற்கும் பையன் யார் தெரியுமா? ஜான் வேய்ன்!)

நியூயார்க் மாநிலத் தணிக்கைக்காரர்கள் முடியவே முடியாது என்றார்கள். வெட்டினார்கள், ஒட்டினார்கள். 'ஆண்களைப் பயன்படுத்திக்கொள்' என்று அவளுக்கு நீட்ஷே படித்துச் சொல்லும் செருப்புத் தைக்கும் கிழவரின் வாயில், நல்ல வழியில் போம்மா என்கிற மாதிரி வேறு வசனம் வந்து உட்கார்ந்தது. முடிவில் பணத்தையெல்லாம் பேங்குக்கே கொடுத்துவிட்டு, புருஷன் எஃகு ஆலையில் கூலி வேலை பார்க்க, இருவரும் ஏழையாக வாழ்கிறார்கள் என்று ஒரு காட்சி சேர்த்தார்கள். மக்கள் எழுபது வருஷம் பார்த்தது இந்த வெட்டிய பிரதியைத்தான். வெட்டாத பிரதி 2004-ல் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் சேமிப்பில் கிடைத்தது.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். ஆச்சரியம் என்னவென்றால், படுக்கையறை விஷயங்கள் வெட்டிய பிரதியிலும் ஓரளவு தப்பித்திருக்கின்றன. தப்பிக்காத விஷயம் பணம். அவள் தெரிந்தே, திட்டம் போட்டே சேர்த்தாள் என்பதும், சேர்த்தது அவளிடமே இருந்துவிடுமோ என்பதும்தான் அவர்களை உறுத்தியிருக்கிறது. படுத்ததை மன்னித்துவிட்டார்கள், பாஸ்புக்கை மன்னிக்கவில்லை.

அதே ஸ்டான்விக். பதினோரு வருஷம் கழித்து. 'டபுள் இண்டெம்னிட்டி', 1944. பில்லி வைல்டர் இயக்கம், ரேமண்ட் சாண்ட்லர் கூட உட்கார்ந்து திரைக்கதை எழுதினார். மூலக்கதை மறுபடியும் நம்ம கெயின்தான். கணவன் பெயரில் விபத்து பாலிசி எடுத்து, ரயிலிலிருந்து விழுந்து செத்தமாதிரி ஜோடித்து, இரட்டைத் தொகை வாங்கத் திட்டம் போடும் மனைவி. உதவி செய்வது இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். இப்படி ஒரு வழக்கு நிஜமாகவே நடந்தது: நியூயார்க்கில் 1927-ல், ரூத் ஸ்னைடர் என்ற பெண்ணும் அவள் காதலனும் சேர்ந்து அவள் கணவரைக் கொன்றார்கள், அதற்கு முன் இரட்டைத் தொகை பாலிசி எடுத்திருந்தாள். கெயின் அப்போது நியூயார்க்கில் பத்திரிகைக்காரர். 1928 ஜனவரியில் இருவருக்கும் மின்சார நாற்காலி. படம் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. ஒரு போட்டோகிராஃபர் கணுக்காலில் கேமராவைக் கட்டிக்கொண்டு உள்ளே போய், அவள் சாகும் கணத்தைப் படமெடுத்தார். மறுநாள் 'டெய்லி நியூஸ்' முதல் பக்கம்.

சினிமாவில் ஸ்டான்விக் மாடிப்படியில் இறங்கி வரும்போது நமக்கு முதலில் காட்டுவது அவள் கணுக்கால் சங்கிலியை. தற்செயல்தான். ஆனால் எனக்கு இப்போது அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கேமராவின் ஞாபகம் வருகிறது. ஒரு கணுக்கால் எல்லோரையும் பார்க்கவைத்தது, இன்னொரு கணுக்கால் ஒளிந்திருந்து பார்த்தது.

பிரீன் அலுவலகம் 1935-லேயே இந்தக் கதையை வாங்க வந்த ஸ்டுடியோக்களை ஒரே கடிதத்தில் விரட்டியிருந்தது. எட்டு வருஷம் கழித்து ஒத்துக்கொண்டது. ஏன்? கணக்கு நேராகிவிட்டதே! பெண் செத்தாள், அவனும் மாட்டினான், பாலிசிப் பணம் யாருக்கும் இல்லை. பிரமாதமான படம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பத்துத் தடவை பார்த்திருப்பேன். ஆனால் ஒன்றை கவனியுங்கள். மொத்தக் கதையையும் சொல்வது அந்த ஏஜென்ட். தோளில் குண்டோடு ராத்திரி ஆபீசில் உட்கார்ந்து டிக்டஃபோன் கருவியில் பேசுகிறான். அவள் எப்படிச் சிரித்தாள், எப்படி மயக்கினாள் என்பதெல்லாம் அவன் வாக்குமூலம். அவள் தரப்பு பதிவாகவே இல்லை. அவள் கணவனின் ஆயுள் காப்பீட்டுத் தொகையெல்லாம் முதல் தாரத்துப் பெண்ணுக்குப் போகும் என்ற தகவல் போகிறபோக்கில் வரும், போய்விடும்.

டிக்டஃபோன் என்றதும் இன்னொரு படம். அதே 1944. 'ஃபேன்டம் லேடி'. மனைவியைக் கொன்றதாக ஒரு முதலாளி ஜெயிலில். அவன் செக்ரட்டரி கிளம்புகிறாள். சாட்சி சொல்ல மறுத்த பாரில் தினம் ராத்திரி போய் உட்கார்ந்து அந்த பார்மேனை முறைத்தே கலங்கடிக்கிறாள். யாருமில்லாத தெருவில் அவன் பின்னாலேயே நடக்கிறாள். ஆண் பின்தொடர்ந்தால் துப்பறிதல், பெண் பின்தொடர்ந்தால் திகில். அந்தக் காட்சியில் நமக்கு பார்மேன் மேல்தான் பரிதாபம் வரும், அப்படி எடுத்திருக்கிறார் இயக்குநர் ராபர்ட் சியோட்மக். தயாரித்தது ஜோன் ஹாரிசன் என்ற பெண்மணி. ஹிட்ச்காக்கிடம் செக்ரட்டரியாகச் சேர்ந்து, கதை எழுதி, தயாரிப்பாளராக உயர்ந்தவர். அதனால்தானோ என்னவோ, செக்ரட்டரிக்கு மூளை இருக்கிறது என்று படத்துக்குத் தெரிந்திருக்கிறது.

முடிவைக் கேளுங்கள். முதலாளி விடுதலை. அவள் ஆபீசுக்குத் திரும்பி வருகிறாள். டிக்டஃபோனை ஓட்டுகிறாள். அதில் அவன் குரல்: இன்று ராத்திரி என்னோடு சாப்பிட வா, நாளைக்கும், மறுநாளும், தினமும் ராத்திரி... ரெக்கார்டு சிக்கிக்கொண்டு 'தினமும் ராத்திரி, தினமும் ராத்திரி' என்றே ஓடுகிறது. அவள் முகம் மலர்கிறது. உயிரைப் பணயம் வைத்து அவனைக் காப்பாற்றியவளுக்குக் கல்யாண யோசனை, ஆபீஸ் மெமோ வடிவத்தில்! படம் எடுத்தவர்கள் காதல் என்று நினைத்தார்களா, கிண்டல் செய்தார்களா? கிண்டல் என்றே நான் நினைக்க விரும்புகிறேன்.

சரி, மில்ட்ரெட்டிடம் திரும்பி வருவோம். ('முடிவைச் சொல்லாதே' கட்சிக்காரர்கள் இரண்டு பத்தி தாண்டிக்கொள்ளவும். படத்துக்கு எண்பது வயது ஆகிறது, ஆனாலும் ஒரு மரியாதை.)

செத்தவன் மான்ட்டி. அவளுடைய இரண்டாவது கணவன். பழைய பணக்காரன், கையில் காலணா கிடையாது. அவள் பணத்தில் குடித்து, அவள் பணத்தில் சீட்டு விளையாடி, அவள் எண்ணெய் வாடையையே கிண்டல் செய்தவன். மகளை வீட்டுக்கு வரவழைக்க, அவனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள் மில்ட்ரெட். அதற்கு அவன் கேட்கும் விலை, வியாபாரத்தில் மூன்றில் ஒரு பங்கு. கொடுக்கிறாள். அந்தப் பங்கை அவன் பிறகு அவள் காலை வாரி விற்றுவிடுகிறான், கடை போய்விடுகிறது. வீட்டில் அவனும் மகளும்... சுட்டது மகள்தான். அதை மறைக்கத்தான் தாய் இத்தனை நேரம் ஸ்டேஷனில் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது என் மனைவியின் கேள்வியை மறுபடி கேளுங்கள். இதில் மில்ட்ரெட் சுடவில்லை. திருடவில்லை. நாவலில் இருந்த அந்தக் கையாடல்கூடப் படத்தில் கிடையாது. ஆனால் ஒண்ணே முக்கால் மணி நேரமும் நாம் அவளைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறோம், ஏனென்றால் ஒரு பிணத்தைக் காட்டிவிட்டுத்தான் கதையையே ஆரம்பித்தார்கள். அவள் பை சுடுவது, கடைக்கு இடம் பிடிப்பது, கல்லாவில் மணி அடிப்பது, எல்லாமே ஒரு குற்றத்துக்கு முன்னேற்பாடு மாதிரி தெரிகிறது. வேலைக்குப் போனாள், அதனால் மகள் கெட்டாள், அதனால் ஒருவன் செத்தான். இந்த 'அதனால்' நாவலில் இவ்வளவு உறுதியாக இல்லை. (சின்ன மகள், தாய் மான்ட்டியோடு வெளியூர் போயிருந்த சமயத்தில் காய்ச்சலில் சாவது மட்டும் கெயின் எழுதியதுதான். அவரும் ஒன்றும் முழுப் புனிதர் இல்லை.) டபுள் இண்டெம்னிட்டியில் பெண்ணுக்குப் பேச வாய்ப்பே தரவில்லை. இங்கே தந்தார்கள், போலீஸ் வாக்குமூலமாக.

விடிகிறது. அதிகாரி ஜன்னல் திரையைத் தூக்குகிறார். வெளியே முதல் கணவன் காத்திருக்கிறான், ஆமாம், அந்த ஓடிப்போனவன்தான். அவனோடு நடந்து வெளியே போகிறாள். அப்போது ஃப்ரேமின் ஓரத்தில் இரண்டு பெண்கள், முட்டிபோட்டுத் தரையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு தடவையும் நான் அவர்களைப் பார்க்கவே இல்லை. விடிகாலை வெளிச்சத்தைத்தான் பார்த்தேன். என் மனைவி ரிமோட்டை வாங்கி நிறுத்திவிட்டு, "அங்க பாருங்க" என்றாள்.

இயக்குநர் மைக்கேல் கர்ட்டிஸ் என்ன நினைத்து வைத்தாரோ. 'பழையபடி உன் இடத்துக்குப் போ' என்பதா? 'இதுதான் உங்கள் இடம் என்கிறார்கள், பாருங்கள்' என்பதா? படம் திரைக்கு வந்தது 1945-ல், போர் முடிந்த சூட்டில். ஆண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். தொழிற்சாலைகளில் அவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களிடம் 'ரொம்ப நன்றி, வீட்டுக்குப் போங்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். போர் நடக்கும்போதே எடுத்த படம், ஆகவே திட்டம்போட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் டிக்கெட் வாங்கியவர்களில் எத்தனையோ பெண்கள் கடைசிச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

மில்ட்ரெட்டாக நடித்த ஜோன் க்ராஃபோர்டுக்கு அந்தப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. 1938-ல் தியேட்டர்காரர்கள் 'பாக்ஸ் ஆபீஸ் விஷம்' என்று பட்டியல் போட்டு விளம்பரம் கொடுத்த நடிகைகளில் அவரும் ஒருவர். மார்க்கெட் போன பெண்ணின் வலி அவருக்கு நடிக்கத் தேவையே இருந்திருக்காது. படத்தில் வேலைக்காரி லாட்டியாக வரும் கறுப்பினப் பெண் பட்டர்ஃப்ளை மெக்வீன். மில்ட்ரெட்டின் சர்வர் யூனிஃபார்மை வேதா இவளுக்கு மாட்டிவிட்டுத்தான் தாயை அவமானப்படுத்துவாள். தாய்க்கு அவமானம், சரி. அதை மாட்டிக்கொண்டு நிற்கும் லாட்டிக்கு? படத்துக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. டைட்டிலில் மெக்வீன் பெயரும் இல்லை.

ஐம்பதுகளில் நிலைமை இன்னும் வேடிக்கை. ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த 'தி பிக் ஹீட்', 1953. நேர்மையான போலீஸ்காரர் ஊழல் கும்பலை ஒழிக்கிறார். ஒழிப்பதற்குள் நாலு பெண்கள் சாகிறார்கள். அவர் மனைவி உட்பட. க்ளோரியா கிரஹாம் ஒரு ரவுடியின் காதலியாக வருவார், சிரித்துக்கொண்டே. அவள் முகத்தில் அவன் கொதிக்கும் காப்பியை ஊற்றுகிறான். மிச்சப் படம் முழுக்கப் பாதி முகத்தில் கட்டோடு நடமாடி, போலீஸ்காரரால் செய்ய முடியாத கொலையை அவருக்காகச் செய்துவிட்டு, ஃபர் கோட்டால் வெந்த பாதியை மறைத்துக்கொண்டு சாகிறாள். அவர் வேலைக்குத் திரும்புகிறார். கடைசிக் காட்சியில் வெளியே கிளம்பும்போது, காப்பியைச் சூடாக வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போகிறார். காப்பியை! லாங் விவரமான ஆள். தெரியாமல் வைத்திருக்க மாட்டார்.

அதே 1953-ல் ஐடா லுபினோ 'தி ஹிட்ச்-ஹைக்கர்' எடுத்தார். நடிகையாக இருந்து இயக்குநர் ஆனவர். ஒரு பெண் இயக்கிய குற்றப்படம், அதில் பெண்ணே கிட்டத்தட்ட இல்லை. மீன்பிடிக்கப் போகும் இரண்டு நண்பர்கள், வழியில் ஏறிக்கொள்ளும் ஒரு கொலைகாரன், பாலைவனம், துப்பாக்கி. அந்த ஆண்கள் பயப்படுவதை, அழுவதை, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்வதை அவர் கேமரா அசையாமல் பார்க்கும். மயக்கி இழுக்க ஒரு பெண் இல்லாமலே ஆண்கள் பாழாய்ப் போகலாம் என்று காட்ட, கடைசியில் ஒரு பெண் வரவேண்டியிருந்தது.

கெயின் போட்ட பாதை அப்புறமும் விடவில்லை. கோயன் சகோதரர்கள் 2001-ல் எடுத்த 'தி மேன் ஹூ வாஸ்ன்ட் தேர்' படத்தில் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர் வரும். அதன் பெயர் நிர்ட்லிங்கர்ஸ். 'டபுள் இண்டெம்னிட்டி' கதையில் அந்தப் பெண்ணின் குடும்பப் பெயர் அது, சினிமாவில்தான் மாற்றினார்கள். கடையில் கணக்கெழுதுபவளாக ஃப்ரான்சஸ் மெக்டார்மண்ட். புருஷன் செய்த கொலைக்கு இவள் உள்ளே போவாள். 2011-ல் டாட் ஹெய்ன்ஸ், கேட் வின்ஸ்லெட்டை வைத்து 'மில்ட்ரெட் பியர்ஸ்' நாவலை ஐந்து பாகத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தார். கொலை இல்லாமல்! அறுபத்தாறு வருஷம் கழித்து அந்தப் பிணத்தை எடுத்து அப்புறப்படுத்தினார்கள். நிதானமான தொடர். சில இடங்களில் எனக்குக் கொட்டாவி வந்தது, ஒப்புக்கொள்கிறேன். பிணத்தோடு பார்த்துப் பழகிய கண்.

அடுத்த சனிக்கிழமை மனைவிக்கு 'ஃபார்கோ' போட்டேன். 1996. இதுவும் கோயன் சகோதரர்கள், இதிலும் மெக்டார்மண்ட். மின்னசோட்டாவின் பனியில் ஒரு சின்ன ஊர். அங்கே போலீஸ் தலைவி மார்ஜ். ஏழு மாத கர்ப்பம். கார் விற்கும் ஆசாமி ஒருவன் தன் மனைவியையே ஆள் வைத்துக் கடத்துகிறான். கடத்துகிறவர்களிடம் எண்பதாயிரம் டாலர் என்கிறான், மாமனாரிடம் பத்து லட்சம் என்கிறான். இடையில் உள்ளதை அமுக்கிக்கொள்ளும் கணக்கு. பணப்பேய் பிடித்தவர்கள் எல்லாரும் இதில் ஆண்கள். மார்ஜ் சம்பளம் வாங்குகிறாள், வேலை பார்க்கிறாள், வயிறு நிறையச் சாப்பிடுகிறாள். விடிகாலை போன் வந்து கொலை நடந்த இடத்துக்குக் கிளம்பும்போது, அவள் கணவன் தூக்கக் கலக்கத்தில் எழுந்து 'முட்டை செய்து தருகிறேன், சாப்பிட்டுப் போ' என்று பிடிவாதம் பிடிக்கிறான். அவன் வாத்துப் படம் வரைகிறவன். கடைசிக் காட்சியில் அவன் வரைந்த வாத்தைத் தபால்தலைக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மூன்று சென்ட் தலைக்கு. மூன்று சென்ட்டை யார் வாங்குவார்கள் என்று அவனுக்கு வருத்தம். கட்டணம் ஏறும்போதெல்லாம் பழைய தலையோடு சேர்த்து ஒட்ட எல்லோருக்கும் அதுதானே வேணும் என்று அவள் தேற்றுகிறாள்.

"இந்தப் பொம்பளைய யாரும் எதுவும் சொல்லலியே" என்றாள் மனைவி, கொஞ்சம் ஏமாற்றத்தோடு. எதையோ எதிர்பார்த்தே கடைசிவரை உட்கார்ந்திருந்திருக்கிறாள். நானும்தான், முதல் தடவை பார்த்தபோது; அவளுக்கோ அந்த வயிற்றுக்கோ ஏதாவது ஆகிவிடும் என்று கடைசி ரீல்வரை பயந்துகொண்டே இருந்தேன். 

பிறகு கேட்டாள்: "அந்த முட்டை பண்ணிக் குடுத்தானே, அவன் பேர் என்ன?"

"நார்ம்."

"ம்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. படுக்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை வருஷக் கணக்கு முடிக்கிற வேலை என்று ஏழு மணிக்கே கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, இரண்டு முட்டையை எடுத்து உடைத்தேன். ஒன்று சரியாக வந்தது. இன்னொன்றில் ஓடு உள்ளே விழுந்துவிட்டது.